பலகையும் தாளும்: மெக்சிகோவின் நாட்டார் இசையும் அதன் இசையமைப்பாளர்களும்

மெக்சிகோவின் இசை வரலாற்றை எழுதுவோர் அதனை இரண்டாகப் பகுத்துக்கொள்வது வழக்கம். ஐரோப்பிய முறைப்படி இசைக்குறிப்பில் எழுதப்பட்டு, பயிற்சி பெற்ற கலைஞர்களால் அரங்குகளில் வாசிக்கப்படுவது செவ்வியல் இசை என்றும், ஊர்த் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் சந்தைத் தெருவிலும் செவிவழியாகக் கற்றுப் பாடப்படுவது நாட்டார் இசை என்றும் அவர்கள் கூறுவர். பாடநூலுக்கு இந்தப் பகுப்பு வசதியானதே. ஆயினும் அந்நாட்டு நாட்டார் இசையின் கருவிகளையும் தாளங்களையும் சற்று உற்று நோக்கினால், அவற்றுள் பெரும்பகுதி ஒரு காலத்தில் அரண்மனையிலும் தேவாலயத்திலும் ஒலித்தவையே என்பதும், செவ்வியல் என்று போற்றப்படும் படைப்புகளுள் புகழ்பெற்றவை பலவும் ஊர்ப்புறத்துப் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும் விளங்கும். எனவே இவ்விரண்டையும் பிரிப்பது தோற்றமன்று; எழுதப்படுதலும் எழுதப்படாமையுமே. எழுத்தில் வராத வரையில் ஒரு பாட்டுக்கு ஒரே வடிவம் என்பது கிடையாது. பாடுபவர், ஊர், பொழுது, ஆடுபவரின் கால் ஆகியவற்றுக்கேற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தாளில் இறக்க முற்படும் இசையமைப்பாளர் அந்த மாற்றங்களுள் ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் மெக்சிக இசையமைப்பாளர்கள் இந்தச் சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஸ்பானியர் வருகைக்கு முன் அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானில் குயிகக்கால்லி, அதாவது பாட்டு வீடு, என்ற பயிற்சிக்கூடம் இருந்தது. இளையோர் அங்கே வழிபாட்டுப் பாடல்களையும் ஆடல்களையும் கற்றனர். தோல் போர்த்திய நெடிய முரசான ஊவேவேத்ல், குடைந்த மரக்கட்டையில் இரு நாக்குகள் செதுக்கி அவற்றைக் கோலால் தட்டும் தெபொனாஸ்த்லி, சங்கு, சுடுமண் குழல் ஆகியவை அவர்களின் முதன்மையான கருவிகள். கருவிகள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் அவற்றில் வாசிக்கப்பட்ட இசையை அக்காலத்தவர் எவரும் குறிப்பில் எழுதி வைக்காததால் அந்த ஒலி முற்றாக மறைந்துபோயிற்று. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இந்த வெற்றிடத்தை நிரப்ப ஒருவர் முயன்றதைப் பின்னர்க் காணலாம்.

1521-இல் தெனோச்தித்லான் வீழ்ந்தது. 1523-இல் வந்து சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி பேத்ரோ தெ கான்தே தெஸ்கோக்கோவில் பள்ளி தொடங்கி, பூர்வகுடிச் சிறுவர்களுக்கு ஐரோப்பிய இசையையும் கருவி செய்யும் தொழிலையும் கற்பித்தார். அவர்கள் அதில் காட்டிய ஆர்வம் எத்தகையதென்றால், தேவாலயங்களில் பாடகரும் கருவியாளரும் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டனர் என்று 1555-ஆம் ஆண்டின் திருச்சபைப் பேரவையே தலையிட்டு அந்த எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட நேர்ந்தது. பியூப்லா நகரத்துப் பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்து 1664-இல் மறைந்த ஹுவான் குத்தியேர்ரெஸ் தெ பாதியா, லத்தீன் வழிபாட்டு இசையோடு, விழா நாட்களில் மக்கள் மொழியில் பாடப்படும் வில்லான்சீக்கோ என்னும் பக்திப் பாடல்களையும் மிகுதியாக இயற்றினார். அவற்றுள் ஆப்பிரிக்க அடிமைகளின் பேச்சையும் தாளத்தையும் போலச் செய்யும் நெக்ரில்யா என்ற வகையும் உண்டு. போலச் செய்தலில் ஏளனமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அடிமைகளின் தாளம் பேராலயத்தின் பாட்டுத் தாளில் ஏறியது அவ்வழியாகவே. 1711-இல் வைஸ்ராயின் மாளிகையில் அரங்கேறிய மனுவேல் தெ சுமாயாவின் ‘லா பார்தேனோப்பே’, அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த ஒருவர் அமைத்த முதல் ஓபராவாகக் கருதப்படுகிறது. அதன் பாடல் வரிகள் எஞ்சியுள்ளன, இசை கிடைக்கவில்லை. எழுதப்பட்டதும் தொலைந்துபோகக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

தொலையாமல் நின்றது எழுதப்படாததே. மெக்சிகோவின் நாட்டார் இசையில் மிகப் பெரிய குடும்பம் ‘சோன்’ எனப்படுவதாகும். பாட்டும் கருவியிசையும் ஆடலும் ஒன்றாய் இணைந்த இவ்வடிவம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். வேராக்ரூஸ் கரையோரத்தில் வழங்குவது சோன் ஹாரோச்சோ. வடகிழக்கில் வாஸ்தேக்காப் பகுதியில் வயலினும் இரு கிட்டார் வகைகளும் சேர, பாடகர் குரலைத் திடீரென உச்சத்துக்கு எறிந்து பாடுவது சோன் வாஸ்தேக்கோ. மேற்கே ஹாலிஸ்கோவில் வழங்கிய சோன்கள் மரியாச்சிக் குழுக்களின் அடிப்படையாயின. ஹாரோச்சோக் கலைஞரின் கையிலுள்ள ஹரானா, ஒரே கட்டையைக் குடைந்து செய்யப்படும் சிறு கிட்டார். ஐந்து தொகுதிகளாக எட்டு நரம்புகள் கட்டப்பட்ட இக்கருவி, பதினேழாம் நூற்றாண்டின் ஸ்பானிய கிட்டாருக்கு நெருங்கிய உறவினது. ஸ்பெயினில் அந்தக் கிட்டார் வழக்கொழிந்து அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது. வேராக்ரூஸின் உழவரும் மீனவரும் அதை ஒரு நாளும் கீழே வைத்ததில்லை. ஹார்ப்பின் கதையும் இத்தகையதே. இக்கருவிகளின் மேல் ஆப்பிரிக்கரின் தாளமும் பூர்வகுடியினரின் செவியும் படிந்தபோது சோன் உருவாயிற்று. இதில் எது தூயது, எது கலப்பு என்று பிரித்துக் காட்ட முயல்வது ஆற்றில் கலந்த மழைநீரைத் தேடுவது போலாகும்.

அதிகாரத்தின் பார்வையும் இவ்விசையின் மேல் விழுந்தது. 1766-இல் வேராக்ரூஸ் தெருக்களில் ‘சூச்சும்பே’ என்ற பாட்டும் ஆட்டமும் பரவியபோது, துறவிகளைக் கேலி செய்வதாகவும் ஒழுக்கக்கேடானதாகவும் கூறி விசாரணை மன்றம், அதாவது திருச்சபையின் கண்காணிப்பு நீதிமன்றம், அதற்குத் தடை விதித்தது. அந்தப் பாட்டின் வரிகள் இன்று கிடைப்பதே தடை விதித்தோர் தம் ஆவணத்தில் அவற்றைப் படியெடுத்து வைத்ததனால்தான்.

சோனின் தாள அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் பின்வந்த இசையமைப்பாளர்களின் பணியை அளவிட முடியாது. ஆறு சிற்றெண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை ‘தகிட தகிட’ என இரு மூன்றாகவும் பிரிக்கலாம். ‘தக தக தக’ என மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம். மேலைநாட்டு இசைக்குறிப்பு முன்னதை ஆறு-எட்டு என்றும் பின்னதை மூன்று-நான்கு என்றும் எழுதும். சோனில் இவ்விரண்டும் மாறி மாறி வருவதோடு நில்லாமல் ஒரே நேரத்திலும் ஒலிக்கின்றன: ஹரானாவின் கை ஒன்றைச் சொல்லும்போது, ஆடுபவரின் குதிகால் மற்றொன்றைச் சொல்லும். ஆடல் நிகழ்வது ‘தரிமா’ என்னும் தாழ்வான மரப்பலகை மேடையின் மீது. பலகையின் அடியில் வெற்றிடம் இருப்பதால் அது முழவைப் போல ஒலிக்கிறது. ஆகவே இங்கு ஆடுபவரும் ஒரு கருவியாளரே. கலைஞர்கள் பலகையைச் சூழ்ந்து நிற்க, விடிய விடிய நடக்கும் இக்கூடலுக்கு ஃபந்தாங்கோ என்று பெயர். வேராக்ரூஸில் இதனை வாபாங்கோ என்றும் வழங்குவதுண்டு. மரத்தின் மேல் எனப் பொருள்படும் நாவாத்ல் மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. ஒருவர் ஓர் அடியை எடுத்துப் பாட, எதிரே நிற்பவர் அதை மீட்டுப் பாடுவார், அல்லது அந்த இடத்திலேயே புதிது கட்டி விடையிறுப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டை நீண்டு விவரிக்கத் தேவையில்லை. 1810-இல் தொடங்கிய விடுதலைப் போர் முடிந்து நாடு தன்னாட்சி பெற்ற பின்னும் உயர்குடி வீடுகளின் பியானோக்களில் ஒலித்தது இத்தாலிய ஓபராவும் வியன்னாவின் வால்ட்ஸும் பாரிஸின் வரவேற்பறை இசையுமே. 1854-இல் இயற்றப்பட்ட நாட்டுப்பண்ணின் மெட்டும் ஹைமே நூனோ என்ற கட்டலான் நாட்டவருடையது. இவ்வுயர்குடி மாளிகைகளுக்கு வெளியே நின்ற ஒருவரை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். குவானஹுவாத்தோ மாநிலத்தில் 1868-இல் ஓத்தொமி இனக் குடும்பத்தில் பிறந்து, தலைநகரின் தெருக்களில் வயலின் வாசித்து வளர்ந்த ஹுவென்தினோ ரோசாஸ், 1888-இல் ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’, அதாவது அலைகளின் மேல், என்ற வால்ட்ஸை வெளியிட்டார். உலகமெங்கும் சர்க்கஸ் கூடாரங்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் ஒலித்த அந்த மெட்டை இன்றும் வியன்னாவின் ஸ்ட்ராஸ் இயற்றியதாக நம்புவோர் உண்டு. உரிமையைச் சொற்ப விலைக்கு விற்றுவிட்ட ரோசாஸ், கியூபாவில் இசைப்பயணத்தின்போது 1894-இல் தம் 26-ஆம் வயதில் இறந்தார். பூர்வகுடி மனிதர் ஒருவர் ஐரோப்பிய வடிவத்தில் எழுதினால் படைப்பு ஐரோப்பியருக்கே உரியதாகிவிடும் என்ற நிலை அன்று இருந்தது.

அந்நிலையை மாற்ற முற்பட்ட முதல் பெருங்கலைஞர் மனுவேல் மரியா போன்சே (1882–1948). சகாத்தேகாஸ் மாநிலத்தின் ஃப்ரெஸ்னீயோவில் பிறந்து ஆகுவாஸ்காலியென்தெஸ் நகரில் வளர்ந்த அவர், பொலோன்யாவிலும் பெர்லினிலும் பயின்று திரும்பினார். பெர்லினில் கற்ற பாடமே அவரை ஊர்ப் பாட்டின் பக்கம் திருப்பியது என்று சொல்லலாம், ஏனெனில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் நாட்டார் மெட்டுகளின் மேல் தம் செவ்வியல் இசையைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்ததை அவர் அங்கே நேரில் கண்டார். 1912-இல் ‘எஸ்த்ரெல்யீத்தா’, சிறு விண்மீன், என்ற பாட்டை எழுதிய போன்சே, மறு ஆண்டில் மெக்சிகப் பாட்டைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவில், பணிப்பெண்களும் மாடு மேய்ப்பவரும் பாடுவதாக எள்ளப்பட்ட பாடல்கள் வரவேற்பறைக்குள் வரத் தகுதியுடையவை என்று வாதிட்டார். நாடு புரட்சிப் போரில் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. போன்சே செய்தது பெரும்பாலும் மெட்டை எடுத்து அதற்கு நாகரிகமான இசையிணைவு அமைத்துக் கொடுத்ததே. பாட்டின் கரடுமுரடுகள் அதில் மழுங்கின என்ற குறை நியாயமானது. ஆனால் கதவைத் திறந்தவரிடம் வீட்டையும் கட்டித் தரச் சொல்வது அளவு மீறிய எதிர்பார்ப்பு. ‘எஸ்த்ரெல்யீத்தா’வோ ரோசாஸின் வால்ட்ஸைப் போலவே ஆசிரியரை விட்டு விலகிப் பரவியது, வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அதைத் தம் கருவிக்கு ஏற்ப அமைத்து வாசித்தபின் அதைக் கேளாத நாடு அரிதாயிற்று.

பாரிஸில் 1925-க்குப் பின் இசையமைப்பாளர் பால் தியூக்காவிடம் மாணவராக அமர்ந்தபோது போன்சேக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஸ்பானிய கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவுக்காக அவர் எழுதிய படைப்புகளே அக்கருவியின் இன்றைய அரங்கு இசைக்கு அடித்தளமாயின. 1941-இல் மொந்தேவிதேயோ நகரில் அரங்கேறிய ‘கொன்சியேர்த்தோ தெல் சூர்’ அவற்றுள் தலைசிறந்தது. இடையே ஒரு குறும்பும் நிகழ்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியரான வைஸின் பெயரில் செகோவியா அரங்குகளில் வாசித்துவந்த பழைய பாணித் தொகுப்பு ஒன்று உண்மையில் போன்சே எழுதியது என்பது பின்னர்தான் வெளிப்பட்டது. பிறர் பாணியை அவ்வளவு நுட்பமாக உள்வாங்கக்கூடிய செவி, ஊர்ப்பாட்டையும் அவ்வாறே உள்வாங்கியதில் வியப்பில்லை.

புரட்சி ஓய்ந்தபின் 1921-இல் பொதுக்கல்வி அமைச்சகம் நிறுவப்பட்டது. அதன் தலைவர் ஹோசே வாஸ்கொன்செலோஸ் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். தியேகோ ரிவேரா முதலியோர் வண்ணத்தில் செய்ததை ஒலியில் செய்ய முனைந்தவர் கார்லோஸ் சாவேஸ் (1899–1978). அவருடைய அமைப்புத் திறனுக்கு இணையாக அந்நாட்டு இசையுலகில் வேறொருவரைக் காட்டுவது கடினம்: 1928-இல் மெக்சிகோ சிம்ஃபனி இசைக்குழுவைத் தோற்றுவித்து இருபது ஆண்டுகள் நடத்தினார், அதே ஆண்டின் இறுதியில் தேசிய இசைக்கல்லூரியின் தலைமையை ஏற்றார், பின்னர் தேசிய நுண்கலை நிறுவனத்தின் முதல் தலைவரானார். 1936-இல் நியூயார்க்கிலிருந்து வானொலி வழியே முதன்முறை ஒலித்த அவருடைய ‘சின்ஃபோனீயா இந்தியா’ ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்களே நீளும் ஒற்றைப் பகுதிப் படைப்பு. வீச்சோல், யாக்கி, சேரி ஆகிய பூர்வகுடியினரின் மெட்டுகள் அதில் எடுத்தாளப்பட்டுள்ளன. தாளக்கருவிகளின் பட்டியலே படிக்கச் சுவையானது: நீர்த்தொட்டியில் கவிழ்த்து மிதக்கவிட்ட சுரைக்குடுக்கை, பட்டாம்பூச்சிக் கூடுகளைக் கோத்த மாலை, மான் குளம்புகளின் சரம். இவை கிடைக்காத ஊர்களில் வழக்கமான கருவிகளைக் கொண்டே வாசிக்கலாம் என்ற ஏற்பாடும் உண்டு. பெரும்பாலான குழுக்கள் அவ்வாறே செய்கின்றன. சாவேஸ் நாடிய ஒலி அதனால் பாதியாகிவிடுகிறது.

தொலைந்துபோன அஸ்தெக் இசையை அவர் கற்பனையில் மீட்க முயன்றது 1940-இல். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மெக்சிகக் கலையின் இருபது நூற்றாண்டுகளைக் காட்டும் கண்காட்சி நடந்தபோது, அதனுடன் இணைந்த இசை நிகழ்ச்சிகளுக்காக அவர் ‘சோச்சிபீல்யி’யை எழுதினார். மலருக்கும் இசைக்கும் உரிய தெய்வத்தின் பெயர் அது. சில ஊதுகருவிகளும் ஆறு தாளக் கலைஞர்களுமே அதன் அமைப்பு. சங்குக்குப் பதிலாக ட்ராம்போன் ஒலிக்கிறது. ‘கற்பனையான அஸ்தெக் இசை’ என்று அவரே துணைத்தலைப்பு இட்டிருப்பதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளலாம், கேட்டவர் பலர் அத்துணைத்தலைப்பை மறந்து அதனைத் தொன்மையின் குரலாகவே ஏற்றுக்கொண்டபோதிலும். புரட்சிக்குப் பிந்திய அரசுக்குக் கலப்பில்லாத ஒரு தொன்மை தேவைப்பட்டது. உயிரோடிருந்த சோனோ முழுக்க முழுக்கக் கலப்பு. ஆகவே இல்லாத இசைக்கு இருந்த இசையைவிடப் பெருமை கூடியது.

அதே நிகழ்ச்சிகளில் ப்ளாஸ் கலிந்தோவின் ‘சோனெஸ் தெ மரியாச்சி’யும் ஒலித்தது. ஹாலிஸ்கோவின் சான் கப்ரியேலில் 1910-இல் பிறந்து, ஊர்ப்பாட்டுக்கு நடுவே வளர்ந்த கலிந்தோ, ‘லா நெக்ரா’ முதலிய சோன்களைச் சேர்ந்திசைக்கு ஏற்ப அமைத்திருந்தார். இங்கே மரியாச்சியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பளபளக்கும் குதிரைவீரர் உடையும் ட்ரம்பெட் முழக்கமும் கொண்ட குழுவே தொன்றுதொட்ட மரியாச்சி என்பது பரவலான எண்ணம். ஹாலிஸ்கோவின் பழைய குழுக்களில் இருந்தவையோ வயலின், ஐந்து நரம்புகளுடைய விவெலா, ஹார்ப் அல்லது பெரு வயிற்றுக் கிதாரோன் ஆகிய நரம்புக் கருவிகளே. 1930-இல் தலைநகரில் எக்ஸ்.ஈ.டபிள்யூ. வானொலி நிலையம் தொடங்கப்பட்டு, மரியாச்சி வானலையிலும் பின்னர்த் திரையிலும் புகழடைந்த காலத்தில்தான் ட்ரம்பெட் நிலைபெற்றது. தெகாலித்லான் ஊரின் வார்காஸ் குடும்பத்தார் நடத்திய குழுவில் 1944-இல் சேர்ந்த ரூபேன் ஃபுவெந்தெஸ், வயலினில் முறையான பயிற்சி உடையவர். அவர் எழுதி அமைத்த வடிவங்களே பிற குழுக்களுக்கும் இலக்கணமாயின. அரங்கின் முறை ஊர்க்குழுவுக்குள் நுழைந்த விதம் இது. 2011-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மரியாச்சி, தாளையும் செவியையும் ஒருசேர நம்பி வாழும் கலை.

எழுதுதலின் சிக்கல் முழு வடிவில் வெளிப்படும் படைப்பு ஹோசே பாப்லோ மொன்காயோவின் ‘வாபாங்கோ’. குவாதலஹாராவில் 1912-இல் பிறந்த மொன்காயோ, சாவேஸின் குழுவில் தாளக்கருவி வாசித்தவர். கலிந்தோ, சால்வதோர் கொன்த்ரேராஸ், தனியேல் அயாலா ஆகியோருடன் 1935-இல் ‘நால்வர் குழு’ என்று பெயர் பெற்றவர். சாவேஸின் தூண்டுதலின் பேரில் மொன்காயோவும் கலிந்தோவும் வேராக்ரூஸ் மாநிலத்தின் அல்வராதோவுக்குச் சென்று பாட்டுகளைக் குறித்துக்கொள்ள முயன்றனர். அங்கே அவர்கள் திகைத்தனர்: கலைஞர் எவரும் ஒரு மெட்டை இரண்டாம் முறை அதே போலப் பாடவில்லை. முதல் முறை எழுதிய குறிப்பு இரண்டாம் முறை பயன்படவில்லை; எது சரியான வடிவம் என்று கேட்டால் விடையளிக்க ஆளில்லை, ஏனெனில் அந்தக் கேள்வியே அவ்வூரின் கேள்வியன்று. திரும்பி வந்த மொன்காயோ மூத்த இசையமைப்பாளர் கந்தெலாரியோ ஊயீசாரிடம் தம் திரட்டைக் காட்டியபோது, கேட்டதை முதலில் கேட்டவாறே முன்வைத்துவிட்டுப் பின்னர்த் தன் போக்கில் வளர்த்துச் செல்லுமாறு அவர் அறிவுறுத்தினார்.

அந்த அறிவுரையின் பயனைப் படைப்பில் தெளிவாகக் கேட்கலாம். ஃபந்தாங்கோவைத் தொடங்கிவைக்கும் மரபுடைய ‘சிக்கிசிரீ’, ‘பலாஹூ’, ‘கவிலான்சீத்தோ’ ஆகிய மூன்று சோன்களே அதன் மூலப்பொருள். விரைவான முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் தாழ்ந்த நடையிலான நடுப்பகுதியைத் தாங்கி நிற்கின்றன; ஹார்ப் தன் ஊர்க் குணத்தோடு தலைகாட்டுகிறது; இறுதியில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் பலகையின் இரு பக்கமும் நின்று எதிர்ப்பாட்டுப் பாடும் இரு பாடகர்களைப் போல மாறி மாறி ஒலிக்கின்றன. மூன்று-நான்கும் ஆறு-எட்டும் மோதும் அந்தத் தாளம் எண்பதுக்கு மேற்பட்ட கருவியாளர்களின் கையில் பேரலையாகிறது. 1941 ஆகஸ்ட் 15 அன்று நுண்கலை மாளிகையில் சாவேஸ் நடத்த அரங்கேறிய இப்படைப்பை மெக்சிகர்கள் தம் இரண்டாம் நாட்டுப்பண் என்றே சொல்கின்றனர். அப்போது மொன்காயோவுக்கு வயது 29. பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு: இன்று வாபாங்கோ என்றால் பெரும்பாலோர் நினைப்பது வாஸ்தேக்காப் பகுதியின் இசையை, இப்படைப்பிலோ அப்பகுதியின் மெட்டு ஒன்றுமில்லை, எல்லாம் ஹாரோச்சோ. புகழுக்கு விலையும் இருந்தது. மொன்காயோ எழுதிய ஓபராவும் சிம்ஃபனியும் கேட்பாரற்றுப் போயின. 1958-இல் 46 வயது நிறையும் முன்பே இறந்த அவர் ஒற்றைப் படைப்பின் ஆசிரியராகவே நினைக்கப்படுகிறார். அல்வராதோவில் ஒருபோதும் ஒரே மாதிரி பாடப்படாத ‘சிக்கிசிரீ’யோ, உலகின் அரங்குகளில் ஒவ்வொரு முறையும் அச்சடித்தாற்போல ஒரே மாதிரி ஒலிக்கிறது.

சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸ் (1899–1940) இச்சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார், இவ்வுரையின் கணிப்பில் ஆழமாகவும் கையாண்டார். துராங்கோ மாநிலத்தின் சான்தியாகோ பாபாஸ்கியாரோவில் பிறந்து, அமெரிக்காவின் டெக்சாஸிலும் அலபாமாவிலும் திரையரங்குக் குழுக்களில் வயலின் வாசித்துப் பிழைத்த அவரை, 1929-இல் துணை நடத்துநராக அழைத்துவந்தவர் சாவேஸே. ரெவுவெல்தாஸ் மெட்டுகளைத் திரட்டவில்லை, பழங்காலத்தைத் தோண்டவுமில்லை. சந்தையில் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் மூன்று பாட்டை வாசிக்கும்போது எழும் முரண், சற்றே சுருதி பிசகிய ஊர் பேண்டு வாத்தியம், கூவி விற்பவரின் குரல் ஆகியவற்றைச் செவியில் ஏற்றி, அவற்றின் இயல்பிலேயே புதிய மெட்டுகளை ஆக்கினார். அவை கேட்பவருக்கு எங்கோ கேட்டவை போலத் தோன்றும். தேடிப் பார்த்தால் எந்த ஊரிலும் அகப்படா. 1936-இல் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் படுகொலைக்குப் பின் அவர் எழுதிய அஞ்சலிப் படைப்பில் வியோலாவும் செல்லோவும் கிடையாது. உச்சியில் கீச்சிடும் ஊதுகருவிகளும் அடியில் உறுமும் ட்யூபாவும் இருக்க, நடுவில் வேண்டுமென்றே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. ஊர்க்குழுவின் ஒல்லியான, சமனற்ற ஒலி அதனால் பிறக்கிறது. ஒப்பாரியாக அமைந்த நடுப்பகுதியை அடுத்து வரும் இறுதிப்பகுதிக்கு ‘சோன்’ என்றே பெயரிட்டார். இழவை ஆட்டத்தில் முடிக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

கியூபக் கவிஞர் நிக்கோலாஸ் கியென் பாம்பைக் கொல்லும் சடங்கைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து பிறந்த ‘சென்செமாயா’ 1937-இல் சிறு குழுவுக்கும் மறு ஆண்டில் முழுச் சேர்ந்திசைக்கும் அமைக்கப்பட்டது. ‘தக தக தகிட’ என ஏழாகச் சுழலும் தாளம் தொடக்கம் முதல் விடாமல் ஓட, அதன் மேல் ட்யூபா ஊர்ந்து வர, ஒவ்வொன்றாகக் கருவிகள் ஏறி ஒலி தடித்துக்கொண்டே போகிறது. கவிதையில் பாடப்படும் சொல்லடுக்கின் அசைகளை அப்படியே கருவிகளுக்குக் கொடுத்திருப்பதால், பாடகர் இன்றியே இப்படைப்பு பாடுகிறது. மீனவர் போராட்டத்தைக் காட்டும் ‘ரெதெஸ்’ திரைப்படத்துக்கும் அவர் இசையமைத்தார். அப்படம் எடுக்கப்பட்டதும் அல்வராதோவில்தான். அவருடைய பெயரில் இன்று அதிகம் கேட்கப்படும் ‘லா நோச்சே தெ லோஸ் மாயாஸ்’ தொகுப்போ, 1939-இல் அவர் ஒரு படத்துக்கு எழுதிய துண்டுகளை ஹோசே இவெஸ் லிமாந்தூர் 1960-இல் நான்கு பகுதி சிம்ஃபனி போலத் தைத்து உருவாக்கியது. மாயர்களின் பெயரால் முழங்கும் அதன் முரசு ஆரவாரம் அரங்கை அதிரவைக்கிறது; ஆயினும் ரெவுவெல்தாஸின் எள்ளலையும் சிக்கனத்தையும் அதில் தேடுபவர் ஏமாறுவர். குடியும் வறுமையும் அரித்த உடலோடு 1940 அக்டோபர் 5 அன்று நிமோனியாவால் அவர் இறந்தபோது வயது நாற்பது.

இந்த ஊர்ப்பாட்டு விவாதத்தையே பொருட்படுத்தாதவர்களும் இருந்தனர். சான் லூயிஸ் பொதோசி மாநிலத்துப் பூர்வகுடிக் குடும்பத்தில் 1875-இல் பிறந்த ஹூலியான் கார்ரீயோ, பன்னிரு சுரங்களுக்கு இடையேயுள்ள நுண்சுரங்களைப் பயன்படுத்தும் ‘பதின்மூன்றாம் ஒலி’ என்னும் முறையை வகுத்து, அதற்கெனத் தனிப் பியானோக்களையே செய்வித்தார். பூர்வகுடியில் பிறந்தவர் பூர்வகுடி மெட்டைத்தான் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு அவருடைய வாழ்வே மறுப்பு.

ஊர்ப்பாட்டோடு நகரத்தின் ஆடலும் அரங்குக்கு வந்தது. தலைநகரின் சலோன் மெக்சிகோ என்னும் ஆடல்கூடத்தைக் கண்டு அமெரிக்கரான ஏரன் கோப்லண்ட் எழுதிய படைப்பை 1937-இல் சாவேஸ் அரங்கேற்றினார். அக்கூடத்தில் ஆடப்பட்ட தான்சோன், கியூபாவில் பிறந்து வேராக்ரூஸ் துறைமுகம் வழியே வந்து சேர்ந்த ஆடல். தன் பிறப்பிடத்தில் மங்கிப்போன அது மெக்சிகோவில் முதியோர் மாலைப்பொழுதில் நகரச் சதுக்கங்களில் ஆடும் கலையாக நிலைத்தது. சொனோராவின் ஆலமோசில் 1950-இல், மரியாச்சிக் கலைஞரின் மகனாகப் பிறந்த ஆர்துரோ மார்க்கேஸ் அதை எடுத்தாண்டு எழுதிய ‘தான்சோன் எண் 2’ 1994-இல் அரங்கேறியது. கிளாரினெட்டின் தனிமையான மெட்டில் தொடங்கி மெல்லச் சூடேறும் இப்படைப்பை, குஸ்தாவோ துதாமெல் நடத்திய வெனிசுவேலா இளைஞர் குழு 2007-ஆம் ஆண்டுப் பயணத்தில் வாசித்த பின் அது ‘வாபாங்கோ’வுக்குப் போட்டியாகிவிட்டது. 1964-இல் பிறந்த கப்ரியேலா ஓர்திஸின் பெற்றோர், லத்தீன் அமெரிக்க நாட்டார் இசையைப் பரப்பிய ‘லோஸ் ஃபோல்க்லோரிஸ்தாஸ்’ குழுவின் தொடக்க உறுப்பினர்கள். ஆகவே ஊர்ப்பாட்டைத் தேடிப் பயணம் போகும் தேவை அவருக்கு இருக்கவில்லை, அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட அவருடைய ‘ரெவொலூசியோன் தியாமந்தீனா’ அடங்கிய இசைத்தட்டு 2025-இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது.

இவ்வளவுக்கும் நடுவில் வேராக்ரூஸின் பலகை என்னவாயிற்று என்ற கேள்வி எஞ்சுகிறது. வானொலியும் திரைப்படமும் ஹாரோச்சோவை வெள்ளுடைக் குழுக்களின் விரைவான மேடைக்காட்சியாக மாற்றின; ஹாரோச்சோப் பாட்டான ‘லா பாம்பா’ முதலில் தேர்தல் பரப்புரையிலும், 1958-இல் ரிச்சி வாலன்ஸின் குரலில் ராக் இசையாகவும் உலகைச் சுற்றியது; ஊர்களில் ஃபந்தாங்கோ அருகிப்போனது. 1977-இல் தோன்றிய ‘மோனோ பிளாங்கோ’ குழுவின் இளைஞர்கள், அர்காதியோ இதால்கோ போன்ற முதிய ஹரானாக் கலைஞர்களைத் தேடிச் சென்று, அவர்களோடு அமர்ந்து பாடிக் கற்றனர். பின்னர் ஊர் ஊராகப் பயிற்சிக் கூடங்கள் நடத்தி ஃபந்தாங்கோவை மீட்டனர். மொன்காயோ எழுதிக்கொள்ளப் போன இடத்துக்கு அவர்கள் பாடக் கற்கப் போனார்கள் என்பதே வேறுபாடு. இன்று அந்தக் கூடல்களில் ‘சிக்கிசிரீ’ தொடங்கினால் அது ஐந்து நிமிடம் நீளுமா, அரை மணி நேரம் நீளுமா என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இசைக்குறிப்பில் ஒரு படைப்பின் முடிவைக் காட்ட இரட்டைக்கோடு இடப்படுகிறது. பலகையைச் சுற்றி நிற்பவர்களுக்கு அத்தகைய கோடு ஏதுமில்லை. பாடுவோர் பாடி, ஆடுவோர் மாறி மாறி ஏறி இறங்கியபின், மூத்த கலைஞர் ஒருவர் உரத்த குரலில் ‘ஊனா!’, இன்னும் ஒரே ஒரு முறை, என்று கூவுகிறார். அந்த ஒரு சுற்றோடு ஹரானாக்கள் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன.